கெல்டியரின் நோய் தீர்க்கும் ஊற்றுத் தெய்வங்கள்: பெயர்ச்சான்றும் அதன் எல்லையும்

முன்னுரை

மண்ணின் அடியிலிருந்து தானே பொங்கி எழும் நீரைக் கண்டு வியவாத மக்களினம் இல்லை. அந்நீர் வெம்மை உடையதாகவும், உப்பும் இரும்பும் கந்தகமும் கலந்து நிறமும் மணமும் சுவையும் வேறுபட்டதாகவும் இருக்குமாயின், வியப்பு வழிபாடாக வளர்தல் இயல்பு. ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் பரவி வாழ்ந்த கெல்டியர் இத்தகைய ஊற்றுகளைத் தெய்வங்களின் உறைவிடமாகக் கொண்டனர்; அங்குச் சென்று நீராடினர்; நோய் நீங்க வேண்டினர்; பெற்ற நலத்திற்கும் பெற விரும்பிய நலத்திற்கும் பொருள்களைப் படைத்தனர். அத்தெய்வங்களைப் பற்றி நாம் அறிவன யாவை, எவ்வகைச் சான்றுகளால் அறிகிறோம், அச்சான்றுகளை எவ்வளவு நம்பலாம் என்பவற்றை ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வு இதழில் இப்பொருளுக்கு இடம் உண்டோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். கெல்டியர் தெய்வங்கள் நமக்குப் பெரும்பாலும் பெயர்களாகவே எஞ்சியுள்ளன; அவற்றுள்ளும் பல, வேற்றினத்தாரின் தெய்வப் பெயரோடு இணைந்தே கிடைக்கின்றன. இருவேறு மரபுகள் ஒரு தெய்வத்தின்கண் கலந்து நிற்கும்போது பழைய மரபைப் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் வினா, முருகனையும் கந்தனையும், கொற்றவையையும் துர்க்கையையும் பற்றி ஆராயும் நமக்குப் புதிதன்று. பெயர் ஒலியால் ஒத்தவற்றையெல்லாம் ஒன்றெனத் துணியும் பழக்கமும் நம்மிடை இல்லாமல் இல்லை. ஆதலின், பெயரைச் சான்றாகக் கொள்ளும் முறையைப் பிறிதொரு நிலத்தில் வைத்துக் காண்பது நமக்கும் பயன் தருவதே ஆம்.

சான்றுகளின் இயல்பு

பண்டைக் கெல்டியர் தம் சமயத்தைப் பற்றித் தாமே எழுதிய நூல் ஒன்றேனும் இல்லை. நமக்குக் கிடைப்பன மூவகைச் சான்றுகள். முதலாவது, உரோமர் ஆட்சிக் காலத்தில் இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளும் அக்கால நூலோர் குறிப்புகளும். இரண்டாவது, ஊற்றுகளிலிருந்தே அகழ்ந்தெடுக்கப்பட்ட படையற் பொருள்கள். மூன்றாவது, கிறித்தவம் பரவிய பின்னர் அயர்லாந்திலும் வேல்சிலும் எழுதப்பட்ட கதைகள். முதலாவது அயலாரின் மொழியில் உள்ளது. இரண்டாவது பெரும்பாலும் வாய் பேசாதது. மூன்றாவது காலத்தால் மிகப் பிற்பட்டது. ஒவ்வொன்றன் குறையையும் மற்றவை கொண்டு நிரப்புதல் வேண்டும்.

சூலியஸ் சீசர் காலியப் போர் பற்றிய தம் நூலின் ஆறாம் பகுதியில் கால் நாட்டு மக்களின் தெய்வங்களைக் குறிப்பிடுகிறார். மெர்க்குரி, அப்பொல்லோ, மார்ஸ், சூப்பிட்டர், மினெர்வா ஆகியோரை அவர்கள் வழிபடுவதாகவும், அப்பொல்லோ நோய்களை ஓட்டுவதாக அவர்கள் நம்புவதாகவும் அவர் கூறுகிறார். ஆயினும் அவ்விடத்து ஒரு தெய்வத்தின் நாட்டுப் பெயரையேனும் அவர் தரவில்லை. யாவற்றையும் உரோமப் பெயராலேயே வழங்குகிறார். பிறர் தெய்வத்தைத் தம் தெய்வப் பெயரால் கூறும் இவ்வழக்கை, பின்வந்த டாசிட்டஸ் செருமானியரைப் பற்றிய தம் நூலில் 'உரோமப் பொருள்கோள்' எனப் பெயரிட்டுக் குறித்தார். சீசரின் கூற்றால் கெல்டியரிடையே நோய் தீர்க்கும் தெய்வம் உண்டு என்பது பெறப்படுகிறது. அத்தெய்வம் ஒன்றோ பலவோ, அதன் பெயர் யாது என்பவை பெறப்படவில்லை. அவற்றைத் தருவன ஊற்றங்கரைக் கல்வெட்டுகளே.

பொங்கும் நீரும் போர்வோவும்

பிரெஞ்சு நாட்டில் பூர்போன்-லான்சி, பூர்பொன்-லே-பேன், பூர்போன்-லார்ஷாம்போ என வெந்நீர் ஊற்றுகளாற் புகழ்பெற்ற ஊர்கள் மூன்று உள்ளன. முதல் இரண்டு ஊர்களிலும் கிடைத்த கல்வெட்டுகளில் போர்வோ அல்லது போர்மோ என்னும் தெய்வமும், அதன் துணையாகத் தமோனா என்னும் பெண் தெய்வமும் குறிக்கப்படுகின்றன. போர்வோ என்னும் பெயர் 'கொதித்தல், பொங்குதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வேல்சு மொழியில் கொதித்தலைக் குறிக்கும் பெர்வி என்னும் சொல்லும், பழைய ஐரிசு மொழியின் பெர்பெயித் என்னும் சொல்லும் அவ்வேரினவே. இலத்தீன் மொழியின் பெர்வேரே என்பதும் இவற்றோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. ஆகவே இத்தெய்வத்தின் பெயர் ஊற்று நீரின் செயலையே பெயராக உடையது. தமோனா என்னும் பெயரோ ஆவினத்தைச் சுட்டும் சொல்லடியாகப் பிறந்தது. பழைய ஐரிசு மொழியில் தம் என்பது எருதைக் குறிக்கும். ஊற்றின் பொங்குநீரையும் ஆவின் வளத்தையும் இணைத்து நோக்கிய மனப்பாங்கு இவ்விணையில் புலனாகிறது எனலாம்.

பூர்போன்-லான்சியில் கிடைத்த ஒரு கல்வெட்டு நம் கருத்திற்கு இன்றியமையாதது. எபோரெதிரிக்ஸ் என்பாரின் மகன் காயுஸ் சூலியுஸ் மாக்னுஸ், தம் மகன் லூசியுஸ் சூலியுஸ் காலேனுஸ் பொருட்டுப் போர்மோவுக்கும் தமோனாவுக்கும் தாம் நேர்ந்த கடனைச் செலுத்தினார் என்பது அதன் பொருள். இதில் மூன்று தலைமுறைகள் தோன்றுகின்றன. பாட்டனின் பெயர் முழுதும் கெல்டியப் பெயர். எபோ என்பது குதிரையையும், ரிக்ஸ் என்பது அரசனையும் குறிக்கும். மகனும் பெயரனும் உரோமக் குடியுரிமை பெற்றோர்க்குரிய மும்மைப் பெயர் பூண்டுள்ளனர். கல்வெட்டின் மொழியும் இலத்தீனே. நேர்ச்சைக் கடன் செலுத்தும் முறையும் அதனைக் கூறும் வாய்பாடும் உரோமர்க்குரியனவே. இத்துணையும் மாறிய பின்னரும், மகனுக்காக வேண்டிக்கொள்ளப் போன தந்தை பாட்டன் காலத்துத் தெய்வங்களையே அவற்றின் பழைய பெயரால் அழைக்கிறார். மகனுக்கு உற்றது நோய்தான் எனக் கல்வெட்டு வெளிப்படக் கூறவில்லை. எனினும் வெந்நீர் ஊற்றின் தெய்வத்திடம் மகன் பொருட்டு நேர்ந்த கடன் உடல்நலம் பற்றியதாதல் பெரிதும் பொருந்தும். மக்கட்பெயர் மாறினும் ஊற்றின் தெய்வப்பெயர் மாறவில்லை என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்க உண்மை.

பூர்பொன்-லே-பேனில் அகப்பட்ட மற்றொரு கல்வெட்டில் இத்தெய்வம் அப்பொல்லோ போர்வோ எனப்படுகிறது. சீசர் கூறிய அப்பொல்லோ இவ்வாறு நாட்டுப் பெயரோடு வெளிப்படுவதைக் காண்கிறோம். ஆனால் அவர் கருதியது போல அஃது ஒரு தெய்வம் அன்று. அலேசியாவில் அப்பொல்லோ மோரிதாஸ்குஸ், பிரிட்டனின் வடபகுதியில் அப்பொல்லோ மாப்போனுஸ், பிற பல இடங்களில் அப்பொல்லோ கிரான்னுஸ் என ஊர்தோறும் பெயர் வேறுபடுகிறது. உரோமப் பெயர் ஒன்று; அதன்கீழ் அடங்கிய நாட்டுத் தெய்வங்களோ பல.

கிரான்னுஸும் சிரோனாவும்

இவற்றுள் கிரான்னுஸ் மிகப் பரந்த புகழுடைய தெய்வம். வோழ் மலைப்பகுதியில் உள்ள கிராந் என்னும் ஊர் அத்தெய்வத்தின் பெருங்கோயில் இருந்த இடமாகக் கருதப்படுகிறது. சுவீடன் நாட்டில் கிடைத்த ஒரு வெண்கலக் கலத்திலும் அதன் பெயர் காணப்படுகிறது. கி. பி. 213ஆம் ஆண்டளவில் நோயுற்றிருந்த உரோமப் பேரரசர் காரகல்லா கிரான்னுஸ், அஸ்கிளேபியுஸ், செராபிஸ் ஆகிய மூவரிடமும் நலம் வேண்டினார் என்றும், ஒருவரும் அவருக்கு நலந்தரவில்லை என்றும் வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதுகிறார். கிரேக்கர், எகிப்தியர் ஆகியோரின் புகழ்பெற்ற தெய்வங்களோடு கெல்டியத் தெய்வம் ஒன்று நிகராக எண்ணப்பட்டது இதனாற் பெறப்படும்.

கிரான்னுஸ் என்னும் பெயரின் பொருள் பற்றி அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஞாயிற்றைக் குறிக்கும் ஐரிசுச் சொல்லான கிரியன் என்பதோடு முன்னையோர் இதனை இணைத்தனர். ஒலிமாற்ற விதிகள் அதற்கு எளிதில் இடந்தருவன அல்ல எனப் பின்னையோர் மறுத்தனர். அப்பொல்லோ ஞாயிற்றோடு தொடர்புடையவர் என்னும் எண்ணமே முன்னையோரை அவ்விணைப்பிற்கு ஈர்த்தது போலும். உரோமப் பெயரின் பொருளை நாட்டுப் பெயரின்மேல் ஏற்றும் பிழைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கிரான்னுஸின் துணையாகிய சிரோனாவின் பெயர் வேறொரு வகையில் அறிவு புகட்டுவது. விண்மீனைக் குறிக்கும் வேரிலிருந்து இப்பெயர் பிறந்ததென்பது பெரும்பாலோர் துணிபு. கல்வெட்டுகளில் இதன் முதலெழுத்து ஒருசில இடங்களில் சகர ஒலிக்குரிய எழுத்தாலும், ஒருசில இடங்களில் நடுவே கோடிட்ட தகர எழுத்தாலும் எழுதப்பட்டுள்ளது. கெல்டியருக்கு உரிய அவ்வொலியைக் காட்ட இலத்தீன் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. கல் பொறித்தோர் இருக்கும் எழுத்தைத் திரித்துப் பயன்படுத்தினர். எழுதுவோர் இடர்ப்பட்ட இவ்விடமே பெயர் நாட்டு வழக்கில் உயிரோடு ஒலிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகிறது. ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பெயராயின் எழுத்துத் தடுமாற்றத்திற்கு இடமிராது அன்றோ?

செருமனியின் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் ஹொஹ்ஷைட் என்னுமிடத்தில் ஊற்று ஒன்றனை அகத்தே கொண்ட சிறு கோயில் அகழ்ந்து காணப்பட்டது. அங்குக் கிடைத்த சிரோனாவின் சிலையில் கையைச் சுற்றிப் பாம்பு கிடக்கிறது. மற்றொரு கையிலுள்ள வட்டிலில் மூன்று முட்டைகள் உள்ளன. பாம்பு, கிரேக்கரின் நலத்தெய்வமாகிய ஹைகியாவிடமிருந்து பெற்ற அடையாளம். ஆகவே சிலையின் தோற்றம் கிரேக்க மரபினது, பெயர் கெல்டியருடையது, இடம் ஊற்றினுடையது. உருவம் எளிதில் கடன் பெறப்படும். பெயர் அத்துணை எளிதில் பெயர்வதில்லை.

சூலிஸின் ஊற்று

இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள வெந்நீர் ஊற்று சூலிஸ் என்னும் பெண் தெய்வத்திற்கு உரியது. உரோமர் அவ்வூரை 'சூலிஸின் நீர்நிலை' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். ஏறத்தாழ 46 பாகை செல்சியசு வெம்மையுடன் நாளொன்றுக்குப் பதினொன்றரை இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அங்குச் சுரக்கிறது. அண்மையிலுள்ள மெண்டிப் குன்றுகளில் பெய்யும் மழை சுண்ணப்பாறைகளின் வழியே மிகு ஆழத்திற்கு இறங்கிப் புவியின் வெப்பத்தாற் சூடேறிப் பாறைப் பிளவுகளினூடே மேலெழுகிறது என நிலவியலார் விளக்குவர். கி. பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமர் அங்குக் கோயிலும் நீராட்டு மண்டபமும் எழுப்பினர்.

சூலிஸை உரோமர் மினெர்வாவோடு இணைத்தனர். கால் நாட்டுக் கல்வெட்டுகளில் அப்பொல்லோ முன்னும் நாட்டுப் பெயர் பின்னும் நிற்கக் கண்டோம். பாத் நகரிலோ சூலிஸ் மினெர்வா என நாட்டுப் பெயரே முன் நிற்கிறது. மினெர்வாவின் பெயரின்றிச் சூலிஸ் தனித்து வரும் கல்வெட்டுகளும் உள்ளன. பெயர்களின் இவ்வரிசை முறையே ஊற்றின் உரிமை எவருடையது என்பதை உணர்த்துகிறது.

1978ஆம் ஆண்டில் அவ்வூற்று நீரில் உயிர்க்கொல்லியான ஒருவகை நுண்ணுயிர் இருப்பது கண்டறியப்பட்டு, நீராடுதல் நிறுத்தப்பட்டது. அத்தடையே அகழ்வாய்வுக்கு வாய்ப்பாயிற்று. 1979, 1980ஆம் ஆண்டுகளில் பாரி கன்லிஃப் தலைமையில் ஊற்றின் அடிப்பகுதி ஆராயப்பட்டது. அவ்வாய்வாலும் அதற்கு முன்னைய தேடல்களாலும் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட உரோம நாணயங்கள், சில கெல்டியர் நாணயங்கள், உலோகக் கலங்கள், எழுத்துப் பொறித்த ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் ஆகியன கிடைத்தன. தகடுகளை ரோஜர் டாம்லின் படித்து 1988இல் வெளியிட்டார்.

இத்தகடுகளைப் படிப்போர் நோய் தீர வேண்டும் விண்ணப்பங்களை எதிர்பார்ப்பர். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை களவு பற்றிய முறையீடுகள். தோசிமெதிஸ் என்பவர் தம் கையுறை இரண்டை இழந்தார். திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்குமாறு தெய்வத்தை வேண்டுகிறார். அன்னியானுஸ் என்பவர் பணப்பையிலிருந்த ஆறு வெள்ளிக்காசுகளை இழந்தார். கள்வன் ஆணோ பெண்ணோ, அடிமையோ உரிமையுடையானோ, கிறித்தவனோ அல்லனோ எவனாயினும் பிடித்துத் தருமாறு முறையிடுகிறார். வேறு சிலர் கள்வனுக்கு உறக்கமும் உடல்நலமும் இல்லாது போகுக எனக் கேட்கின்றனர். நோயுற்ற உறுப்பின் உருவம் செய்து படைத்த பொருள்கள் இவ்வூற்றில் மிகச் சிலவே.

அங்ஙனமாயின் சூலிஸ் நோய் தீர்க்கும் தெய்வம் அல்லளோ என்னும் வினா எழுகிறது. ஆறாம் படைப்பிரிவைச் சேர்ந்த அவுபீதியுஸ் மாக்சிமுஸ் என்னும் படைத்தலைவர் ஒருவர் இருந்தார். அவரால் அடிமைநிலையினின்று விடுவிக்கப்பெற்ற இருவர், அவர் நலமாகவும் ஊறின்றியும் இருத்தல் வேண்டிச் சூலிஸுக்குத் தனித்தனியே பலிபீடம் நிறுவியுள்ளனர். கண்மருந்தில் பதிக்கும் மருத்துவர் முத்திரைக்கல் ஒன்றும் அந்நகரில் கிடைத்துள்ளது. ஆகவே நலம் வேண்டுவோரும் அங்கு வந்தனர் என்பது தெளிவு. தகடுகளையும் பீடங்களையும் ஒருங்கு நோக்கின், உடல்நலத்தைத் தரவும் பறிக்கவும் வல்ல ஒரே ஆற்றலாகச் சூலிஸ் கருதப்பட்டாள் என்பது போதரும். கண்களைக் காப்பவளிடமே கள்வனின் கண்களைப் பறிக்குமாறு கேட்டனர். 'நோய் தீர்க்கும் தெய்வம்' என்னும் நம் வகைப்பாடு வசதிக்காக நாம் இட்டது; வழிபட்டோர் அதற்குட்பட்டு நிற்கவில்லை.

மரத்தில் எஞ்சிய மக்கள்

கல்வெட்டு நிறுவியோர் பெரும்பாலும் பொருளுடையோர். எளிய மக்களின் வழிபாட்டைக் காட்டுவன மரப்படையல்கள். நீரில் மூழ்கிக் காற்றுப் புகாது கிடந்தமையால் அவை மட்காது நிலைத்தன.

டிஜோன் நகருக்கு வடமேற்கே செய்ன் ஆறு தோன்றும் ஊற்றில் செக்வானா என்னும் பெண் தெய்வம் வழிபடப்பட்டாள். ஆற்றின் இன்றைய பெயரும் அவள் பெயரின் திரிபே. வாத்தின் வடிவில் முகப்பு அமைந்த படகில் அவள் நிற்கும் வெண்கலச் சிலை 1933இல் கிடைத்தது. 1963இல் தொடங்கிய அகழ்வுகளில் நூற்றுக்கணக்கான மரப்படையல்கள் வெளிப்பட்டன. தலை, கை, கால், உள்ளுறுப்புகளைக் காட்டும் பலகைகள், துணியிற் சுற்றிய குழந்தைகள், முக்காட்டு மேலாடை அணிந்த வழிப்போக்கர் எனப் பலவகை உருவங்கள் அவற்றுள் உள்ளன. பெரும்பாலானவை கருவாலி மரத்தின் வைரத்தால் ஆனவை. மெல்லிய வெண்கலத் தகட்டில் கண் வடிவம் பொறித்த படையல்களும் அவ்வூற்றில் கிடைத்தன. கோயில்களில் சாத்தப்படும் வெள்ளிக் கண்மலரை அறிந்த நமக்கு இவற்றின் நோக்கத்தைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

கிளேர்மொன்-பெராந் நகரை ஒட்டிய ஷமாலியேரில் கரிவளி கலந்த கனிமநீர் ஊற்று ஒன்றில் 1968ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான மரப்படையல்கள் கிடைத்தன. இவை பெரும்பாலும் பீச்சு மரத்தால் ஆனவை. கால் உருவங்கள் மிகுதி. அங்குக் கற்கோயில் எழுப்பப்பட்டதற்கு அடையாளம் இல்லை. நீரும் அதனைச் சூழ்ந்த கரையுமே வழிபாட்டிடம். காலமோ கி. பி. முதல் நூற்றாண்டு.

அவ்வூற்றிலிருந்து 1971இல் எடுக்கப்பட்ட சிறிய ஈயத்தகடு ஒன்று மொழியாய்வார்க்குப் பெரும் பேறாயிற்று. பன்னிரண்டு வரிகளைக் கொண்ட அதன் எழுத்து இலத்தீன். மொழியோ காலிய மொழி. கெல்டியர் தம் தெய்வத்தைத் தம் மொழியிலேயே விளித்த நேர்ச்சான்று இது. அதில் விளிக்கப்படும் தெய்வம் மாப்போனுஸ். 'மகன்' எனப் பொருள்படும் அப்பெயர் வேல்சுக் கதைகளில் மாபோன் என வழங்குவது. சூளுரைத்தலைக் குறிக்கும் தோங் என்னும் வேரும் அதில் அடுத்தடுத்து வருகிறது. அவ்வேர் பழைய ஐரிசிலும் வேல்சிலும் அதே பொருளில் வழங்கியது. தகட்டின் முழுப்பொருள் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நோய் நீக்கம் வேண்டியது என்பாரும், வழக்கில் வெற்றி வேண்டியது என்பாரும், சூளுரை என்பாரும் உளர். பாத் நகரில் கண்டது போன்றே ஈண்டும் நலம் வேண்டலும் முறை வேண்டலும் ஒரே ஊற்றில் நிகழ்ந்திருத்தல் கூடும்.

உறுப்பு வடிவம் படைக்கும் வழக்கம் கிரேக்க நாட்டிலும் இத்தாலியிலும் முன்னரே இருந்தது. கால் நாட்டில் அது பெருகக் காண்பது உரோமர் வந்த பின்னரே. ஆகவே உறுப்புப் படையலைக் கெல்டியரின் தொன்மை வழக்கு எனத் துணிதல் இயலாது. ஊற்றில் பொருளிடும் வழக்கமோ உரோமர்க்கு முற்பட்டது. செக் நாட்டின் துக்ட்சொவ் நகரை அடுத்த வெந்நீர் ஊற்றில் 1882இல் வெண்கலக் கொப்பரை ஒன்றும் அதனோடு ஏறத்தாழ 2,000 அணிகலன்களும் கிடைத்தன. உடையூசிகளும் வளைகளும் மோதிரங்களுமாகிய அவை உரோமர் அந்நிலத்தை அறிவதற்கு மிக முற்பட்டவை. படைத்த பொருளின் வடிவம் மாறியது. படைக்கும் இடம் மாறவில்லை.

பெயரொப்புமையின் எல்லை

இனி, பெயர்களை ஒப்பிடும் முறைக்கு வருவோம். இங்கிலாந்தின் லிட்னி என்னுமிடத்தில் நோடென்ஸ் என்னும் தெய்வத்திற்குக் கோயில் இருந்தது. 1928, 1929ஆம் ஆண்டுகளில் மார்ட்டிமர் வீலர் அதனை அகழ்ந்தார். நீராட்டு மண்டபமும், தங்கும் விடுதியும், நாயின் உருவங்களும், வெண்கலத்தாலான கை ஒன்றும் அங்குக் காணப்பட்டன. நலம் நாடுவோர் வந்து தங்கிய இடம் அஃது எனக் கருதுவர்.

அயர்லாந்தின் பழங்கதைகளில் நுஅது என்னும் அரசர் போரில் ஒரு கையை இழக்கிறார். மருத்துவத் தெய்வமாகிய தியன் கேக்த் அவருக்கு வெள்ளிக்கை பொருத்துகிறார். மாய் துரெத் என்னும் இடத்து நடந்த போரைப் பாடும் அக்கதையில், புண்பட்ட வீரரை இட்டால் உயிரோடும் வலிமையோடும் மீளும் சிலான் என்னும் கிணறும் வருகிறது. தியன் கேக்தும் அவர் மக்களும் அதன்மேல் மந்திரம் ஓதுகின்றனர்; பகைவர் அதனைக் கற்களால் தூர்க்கின்றனர்.

நோடென்ஸ், நுஅது என்னும் பெயர்கள் ஒன்றே என்பதை மொழியாய்வார் ஏற்கின்றனர். வெறும் ஒலியொப்புமை கொண்டு அவர் இதனை ஏற்றிலர். பழைய கெல்டிய மொழியின் ஓகாரம் ஐரிசில் உஅ என ஆதலும், மெல்லினம் தன் இனவல்லெழுத்தின்முன் கெட்டு அவ்வெழுத்து மட்டும் நிற்றலும் வேறு பல சொற்களிலும் முறையாகக் காணப்படும் விதிகள். இவ்விதிகளின்படியே ஒன்று மற்றொன்றாகிறது. வேல்சு மொழியின் நுத் என்னும் பெயரும் தன் மொழிக்குரிய விதிப்படி இவற்றோடு பொருந்துகிறது. எனினும் லிட்னியில் கிடைத்த வெண்கலக் கையை நுஅதுவின் வெள்ளிக்கையோடு இணைத்தல் வேண்டாத துணிவே. நோயுற்றார் கைவடிவம் படைத்தல் எங்கும் காணப்படும் வழக்கம். பெயரின் ஒருமை விதியால் நிறுவப்பட்டது. பொருளின் ஒருமை அவ்வாறு நிறுவப்படவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றனையும் காண்போம். சூலிஸ் என்னும் பெயரைக் கேட்ட தமிழ் மாணவர் உள்ளத்தில் கொற்றவையின் பெயராகிய சூலி என்பது உடனே தோன்றும். பாத் நகரக் கல்வெட்டுகளைப் படித்தாலோ இம்மயக்கம் மேலும் வலுப்பெறும். அவற்றிற் பெரும்பாலும் காணப்படுவது சூலிஸ் என்பதன்று, சூலி என்பதே. பெண் தெய்வம், ஒறுக்கும் ஆற்றல் உடையவள், பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. இவ்வளவும் பொருந்திய பின்னர் இரண்டும் ஒன்றே என ஒரு கட்டுரை எழுதிவிடுதல் அரிதன்று.

ஆயினும் சொல்லின் அமைப்பை நோக்குவோமாக. கல்வெட்டிலுள்ள சூலி என்பது நான்காம் வேற்றுமை வடிவம். 'சூலிஸுக்கு' என்பது அதன் பொருள். தமிழில் சூலி என்பதோ எழுவாய் வடிவம். சூலம் என்பதன்மேல் 'உடையவள்' என்னும் பொருள் தரும் இகர ஈறு பெற்றது. எனவே ஒத்துத் தோன்றும் ஈற்றெழுத்து ஓரிடத்தில் வேற்றுமை வடிவின் கூறு. மற்றோரிடத்தில் உடைமை குறிக்கும் விகுதி. பகுதியும் வேறே. சூலிஸ் என்பதனைக் கண்ணைக் குறிக்கும் ஐரிசுச் சொல்லாகிய சூயில் என்பதனோடும், ஞாயிற்றைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரோடும் இணைப்பர். சூலமோ படைக்கலம். ஓர் ஒலியை மற்றோர் ஒலியாக மாற்றும் விதியும் இவற்றிடை இல்லை. இருநிலத்தையும் இணைக்கும் வரலாற்றுச் சான்றும் இல்லை. ஆகவே இவ்வொப்புமை தற்செயலே என்க.

தொலைவிலுள்ள பெயரோடு உறவு காட்டினால் நம் தெய்வத்தின் தொன்மை உயரும் என எண்ணுவார் உளர். தவறான உறவு காட்டுவதால் தொன்மை உயர்வதில்லை. நம் சான்றுகளின் மதிப்பே குறைகிறது. கண்மலரும் செய்ன் ஊற்றின் கண் தகடும் ஒத்திருப்பதற்கு, கண்ணோய் உற்ற மக்கள் ஈரிடத்தும் வாழ்ந்தனர் என்பதே போதிய விளக்கம்.

பிற்கால வரலாறு

உரோமர் ஆட்சி நீங்கிய பின் ஊற்றுக் கோயில்கள் அழிந்தன. கி. பி. 590ஆம் ஆண்டளவில் அயர்லாந்துத் துறவி கொலும்பானுஸ் கால் நாட்டின் லுக்சேயில் மடம் நிறுவியபோது, காட்டினிடையே வெந்நீர் மண்டபமும் பண்டையோர் வழிபட்ட கற்சிலைகளும் கிடந்தன என அவர் வரலாற்றை எழுதிய யோனாஸ் குறிப்பிடுகிறார். அவ்வூற்றின் தெய்வங்கள் லுக்சோவியுஸும் பிரிக்தாவும் ஆவர். சிலைகள் மறைந்தன; லுக்சோவியுஸின் பெயர் ஊர்ப்பெயராய் இன்றும் வழங்குகிறது. போர்வோவின் பெயரோ ஊற்றிலிருந்து ஊருக்கும், பூர்போன்-லார்ஷாம்போ ஊரிலிருந்து அதன் தலைவர் குடிக்கும் ஏறி, 1589இல் நான்காம் ஹென்றி அரசுகட்டில் ஏறியபோது பிரெஞ்சு நாட்டின் அரச மரபுப் பெயராயிற்று. பூர்போன் மரபினர் எனப் பள்ளி நூல்களில் நாம் படித்த பெயர், பொங்கும் வெந்நீரைக் குறித்த கெல்டியச் சொல்லே ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கெல்டியரின் நோய் தீர்க்கும் தெய்வங்கள் நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தெய்வம் அல்ல. பெரும்பாலும் அவ்வவ் ஊற்றுக்கே உரியவை. உரோமர் அவற்றிற்குத் தம் பெயரையும் உருவத்தையும் படையல் முறையையும் அளித்தனர். ஊற்றின் பெயரை அவர்களால் நீக்க இயலவில்லை. ஆதலின் இத்துறையில் பெயரே முதற்சான்று. ஆயினும் பெயர் மூன்று தேர்வுகளைக் கடந்த பின்னரே சான்றாகும். கல்வெட்டில் அது நிற்கும் வேற்றுமை வடிவத்தைப் பிரித்தறிதல் வேண்டும். ஒலிமாற்றம் பிற சொற்களிலும் காணப்படும் விதியாதல் வேண்டும். பெயர் கூறுவதை இடமும் படையலும் மறுத்தல் ஆகாது. போர்வோவும் நோடென்ஸும் இவற்றைக் கடந்து நிற்கின்றன. கிரான்னுஸ் ஐயத்தில் நிற்கிறது. சூலிஸையும் சூலியையும் இணைக்கும் முயற்சி முதல் தேர்விலேயே வீழ்கிறது.

நம் தெய்வப் பெயர்களை ஆராயப் புகும் மாணவர் இம்மூன்றையும் கைக்கொள்வாராக. எபோரெதிரிக்ஸின் மகன் தன் மொழியையும் பெயரையும் மாற்றிக்கொண்ட பின்னரும் மாற்றாது காத்த ஒரு பெயரை, இருபது நூற்றாண்டுகள் கழித்து நாம் அறிந்துகொள்ள முடிவது, அப்பெயரை அதன் எழுத்திலும் இடத்திலும் வைத்துப் பொறுமையோடு படித்தாரின் உழைப்பாலேயே ஆகும்.